முதல் ஆறு கிலோ

பிரேசர் டவுன் ஒரு நோய்க்குப் பயந்து கட்டிய ஊர். 1898இல் பெங்களூருக்குள் பிளேக் புகுந்தபோது கண்டோன்மென்டின் நெருக்கமான சந்துகளில் சாவு அதிகம் விழுந்தது. காற்றும் வெளிச்சமும் வராத வீடுகள், அவற்றுக்குள் எலிகள். அந்த நெருக்கத்தைக் குறைக்க, நேரான அகலத் தெருக்களும், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடமும், எலி வளை தோண்ட முடியாத தரையுமாக ஒரு புதுக் குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் 1910இல் அதற்கு வந்தது. இன்று அரசுப் பலகைகளில் அது புலிகேசி நகர். எங்கள் வாயில் வருவது பிரேசர் டவுன்தான்.

நான் பிறந்து வளர்ந்ததும், கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்கே வந்து குடியேறியதும் எம்.எம். ரோட்டை ஒட்டிய சந்துகளில். அந்த எம்.எம். யாரென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே தெரியாது: மாதவராய முதலியார். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தக்கனி உருது, எதிர்வீட்டில் கன்னடம். சர்ச் மணியும் பாங்கும் கேட்டே நேரம் தெரிந்துகொள்வோம்.

ஆரோக்கியத்துக்கென்று இந்த ஊரைக் கட்டியவர்கள் நினைத்தே பார்த்திராத நோய் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது, காலில் செருப்புக் கடித்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தபோதுதான் தெரிந்தது. அதற்கு எத்தனை வருடத்துக்கு முன்பே அது உடம்பில் இருந்ததோ. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையின் அடியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவாள். எங்கள் தட்டில் மீந்ததும் அவளுக்குத்தான். சோறு வீணாகக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. அந்த ஒழுக்கத்தின் பாரத்தை அவள் உடம்புதான் சுமந்தது. கண் மங்கியது, பிறகு சிறுநீரகம் கெட்டது. கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸ். 63 வயதில் போய்விட்டாள்.

அப்பா அதே சமையலைத்தான் சாப்பிட்டார். அவருக்கு எழுபது தாண்டியும் சர்க்கரை வரவில்லை. தூரவாணி நகரில் டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை, போக வர சைக்கிள். லண்டனில் ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பல வருடம் கழித்துப் படித்தபோது அப்பாவின் சைக்கிள்தான் கண் முன்னால் வந்து நின்றது. இரட்டை மாடிப் பேருந்தில் உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களையும், நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. ஒரே கம்பெனி, ஒரே பஸ். எங்கள் வீட்டிலும் ஒரே பானைச் சோறுதான். ஒருவர் நாள்தோறும் பல மைல் மிதித்தார். மற்றவர் நாள் முழுக்க அடுப்படியில் நின்றார். நின்றபடி செய்கிற வேலையெல்லாம் உடலுழைப்பு ஆகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

எனக்கு ஸ்கூட்டர், ஆபீஸில் லிஃப்ட், கணக்கு எழுதுகிற நாற்காலி. 2018இல் ஆபீஸில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடத்தினார்கள். எடை 82 கிலோ, உயரம் 156 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி என்கிறார்கள், 6.5 என்றால் உள்ளே வந்தாயிற்று. அம்மா அந்த வாசற்படியில் நின்ற வருடங்களில் யாரும் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பார்த்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோல்ஸ் ரோட்டுப் பக்கம் எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் எடை பார்க்கும் முன்பே தையல்காரர் டேப்பை எடுத்தார். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றி அளந்தார். 98 செ.மீ. இந்தியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த படம் அது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று கணக்கிடும் பி.எம்.ஐ. இரண்டு பேருக்கும் 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு இருவருமே ஒல்லி. நம் உடம்பு கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கிற உடம்பு என்பதால்தான் ஐரோப்பியர்களுக்கு 30இல் தொடங்கும் பருமன் கணக்கு நமக்கு 25இலேயே தொடங்குகிறது. என்னுடையது 33க்கும் மேல்.

அட்டவணைப்படி சரியான எடைக்கு வர இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இறக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன். டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. “ஒரு வருஷம் டைம் எடுத்துக்கோங்க. ஆறு கிலோ போதும்” என்றார்.

ஆறு கிலோ ஏன் என்று அப்போது கேட்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2002இல் முடிவுகள் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில், சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 82 கிலோவில் 7 சதவீதம் ஆறு கிலோகூட இல்லை. அதைவிட என்னைத் தொட்டது நம் ஊர் ஆய்வு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் வியப்பு என்னவென்றால், பழக்கத்தை மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை இறங்காமலே உள்ளே நன்மை நடந்திருக்கிறது. எடை மெஷினைப் பார்த்து மனம் உடைந்துபோகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் மாதத்துக்கு அவர் சொன்னது ஒரே ஒரு வேலை. ராத்திரி சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வேறு எதையும் மாற்றக் கூடாது. சாப்பிட்டவுடன் கால் தசை வேலை செய்தால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும் என்றார். பத்து நிமிடம் என்பது எங்கள் சந்திலிருந்து கிளம்பி, கறிக்கடை முக்கு வரை போய், அந்தப் பக்கமாகச் சுற்றி வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ராத்திரி பத்தரைக்கு ஒரு பெண் தனியாக என்ன காரணமும் இல்லாமல் தெருவில் நடப்பதா? நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போனால் ஜன்னல்களில் தலை தெரிந்தது. “என்னா மா, ஏதாவது ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டார்கள். புடவையோ சுடிதாரோ மாற்றிக்கொண்டு போனால் “எங்க கெளம்பிட்ட இந்நேரத்துக்கு?”

பக்கத்து வீட்டு பாஜி (உருதுவில் அக்கா) வந்த பிறகுதான் அந்தக் கேள்விகள் நின்றன. வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஏற்கனவே சர்க்கரை, முட்டி வலி. ஒருநாள் கேட்டில் நின்றவர், “நானும் வர்றேன், மெல்லமா நட” என்றார். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தெரு அதைப் பேச்சாக எடுத்துக்கொள்கிறது, வம்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் முட்டிக்காக மெதுவாக நடந்த அந்தப் பத்து நிமிடம், பேச்சு முடியாததால் தானாகவே இருபது நிமிடமாயிற்று. அரை மணி ஆயிற்று. நடக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று நாங்கள் திட்டம் போடவே இல்லை.

பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. 96 பேரைச் சாப்பாடு, தண்ணீர், நடை என்று ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைத் தினமும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற நிலை வர ஏறக்குறைய 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை பிடிக்கும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். மழை பெய்கிற நாளிலும், வீட்டில் காரியம் இருக்கிற நாளிலும் நடை நின்றுபோகும். அடுத்த நாள் பாஜி கேட்டில் நிற்பார். அதுதான் முக்கியம்.

டாக்டரம்மா அடுத்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கை வைத்தார். என் கணவர் ஆபீஸிலிருந்து வர ஒன்பது, சீரியல் முடிய ஒன்பதரை, தட்டு போடப் பத்து மணி என்று இருந்த வீட்டில், நான் மட்டும் எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். கணவருக்கு முன்னால் சாப்பிடுவதா என்று மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் வளர்ந்த முறை அது. ரிப்போர்ட்டைக் காட்டி, என் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அம்மாவை அவருக்குத் தெரியும், டயாலிசிஸுக்குக் கூடவும் போயிருக்கிறார். அடுத்த வாரம் அவரே எட்டு மணிக்கு என்னோடு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வீட்டில் ஒருத்தி மட்டும் டயட் இருப்பது என்பது நடக்கிற காரியம் இல்லை. வீட்டின் நேரம் மாறினால்தான் அவள் நேரம் மாறும்.

சமையலில் பெரிய மாற்றம் அரிசி அளப்பதில்தான் தொடங்கியது. மூன்று ஆழாக்கு போட்டு, மீந்ததை நான் சாப்பிட்டுத் தீர்ப்பதற்குப் பதில் இரண்டரை ஆழாக்கு போட்டேன். மிஞ்சாத சோற்றை யாரும் வழித்துச் சாப்பிட வேண்டியதில்லை. நம் பெண்களின் உடம்பில் ஏறுகிற எடையில் ஒரு பங்கு பானை அடியிலிருந்தும் பிள்ளைகள் தட்டிலிருந்தும் வருகிறது. அதை எந்த டயட் சார்ட்டிலும் யாரும் எழுதுவதில்லை. “வீணாப் போகுதே” என்ற பதைப்பு எனக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. அதற்கு மருந்து, உலை வைக்கும்போதே குறைப்பது.

தட்டில் வரிசையை மாற்றினோம். முதலில் பொரியல், கீரை, கோசம்பரி, அப்புறம் பருப்பு, முட்டை, மீன், கடைசியாகச் சோறு. காயும் புரதமும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று நியூயார்க்கில் 2015இல் சின்ன அளவில் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு அதில் கிடைத்த லாபம் வேறு. ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் உள்ளே போன பிறகு சோற்றுக் கரண்டியைத் தூக்கும் கை தானாகவே சிறுத்துவிடும். ஐ.சி.எம்.ஆரின் ஹைதராபாத் நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் தட்டில் பாதி காயும் பழமும் இருக்கட்டும் என்றே சொல்கிறது. சோற்றை விடச் சொல்லவில்லை. அதன் இடத்தைக் குறைக்கச் சொல்கிறது.

ராகி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் எடை குறைய வேண்டுமென்றால் முத்தே சாப்பிடு என்பார்கள். நம் களிதான் அது. 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 356. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. நார்ச்சத்துதான் ராகியில் 11 கிராமுக்கு மேல், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் ராகியில் 364 மில்லிகிராம். மாதவிடாய் நிற்கிற வயதில் இருக்கிற பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இரண்டு பெரிய முத்தேயை மட்டன் சாறில் முக்கி விழுங்கினால் எடை இறங்காது. வயலில் நாள் முழுக்க உழைத்தவர்களுக்கு அளந்த உருண்டை அது. வாரத்தில் மூன்று ராத்திரி, சின்ன உருண்டை, முருங்கைக்கீரையோ மொச்சைக் குழம்போ என்று நாங்கள் பழக்கிக்கொண்டோம். மண்டியாவின் வி.சி. பண்ணையில் இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கி, இந்த ஊர் ஏழைகளின் விளைச்சலைப் பெருக்கிய லட்சுமணையாவுக்கு அந்தத் தட்டின் முன்னால் நன்றி சொல்லத் தோன்றும்.

காபிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், நாக்குக்குத் தெரியாத அளவில். ஒரு வருடம் ஆயிற்று. இன்றைக்கு வெளியே யாராவது சர்க்கரை போட்ட காபி கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. பதினோரு மணி மத்தூர் வடைக்குப் பதில் சுண்டல் டப்பா. எண்ணெய் கேனிலிருந்து நேராக ஊற்றாமல், மாதத்துக்கு இவ்வளவு என்று பாட்டிலில் பிரித்து வைத்தேன். இதெல்லாம் சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கும் சுலபம்தான்.

மாஸ்க் ரோடுதான் கடினம். அந்த ரோடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 1902இலிருந்து இருக்கிற ஆல்பர்ட் பேக்கரியிலிருந்து மத்தியானத்துக்கு மேல் பப்ஸ் வாசனை தெருவுக்கே வரும். ரம்ஜான் மாதத்தில் கீமா சமோசா, கோவா நான், ஹலீம், கபாப் என்று சாப்பிட ஊரே வரும். பாஜி வீட்டிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டு வரும். வெறும் தட்டாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை என்பதால் இங்கிருந்தும் போகும். கிறிஸ்துமஸுக்குக் குல்குல்ஸ், பொங்கலுக்கு வெல்லம், ரம்ஜானுக்குப் பிர்னி. இதையெல்லாம் விலக்கிவிட்டு வருகிற ஆரோக்கியம் பிரேசர் டவுனில் நிற்காது. அக்கம்பக்கம் அறுந்துபோகும். பாஜியும் நானும் பேசி ஒரு முறை வைத்தோம். வருவதைச் சாப்பிடுவோம். அன்று ராத்திரிச் சோறு கிடையாது, நடை உண்டு. ரம்ஜானில் அவர் தராவீஹ் தொழுகை முடித்து வரும்வரை நான் காத்திருப்பேன். பத்தரை மணிக்கு மாஸ்க் ரோட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நடப்போம். முதல் ரம்ஜான் முடிந்தபோது எடை ஏறவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான், இது எங்களோடு நிலைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

ஒரு வருடத்தில் ஆறு கிலோ இறங்கியது. எச்பிஏ1சி 5.9.

அந்த சமயத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு பெண் வெறும் ஜூஸும் சூப்புமாக இருந்து இரண்டே மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்தாள். அழகாக இருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். முடி கொட்டியது, மாடி ஏறினால் தலை சுற்றியது. அடுத்த வருடம் எடை முழுவதும் திரும்பி வந்தது. அவளைக் குறை சொன்னவர்களோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது, ஏனென்றால் அவள் சோம்பேறி இல்லை. அமெரிக்காவில் எடை குறைக்கும் டி.வி. போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழு பரிசோதித்து 2016இல் வெளியிட்டது. பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பங்கு திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. அவ்வளவு வேகமாக இழந்ததை உடம்பு பஞ்சகாலமாக எடுத்துக்கொண்டு, பிடித்து வைத்துக்கொள்கிறது. மெதுவாகக் குறைப்பவர்களுக்கும் எடை திரும்பலாம்தான். ஆனால் மெதுவாகக் குறைக்கிற காலத்தில் கையில் பழக்கம் சேர்ந்துவிடும். சூப்பை நிறுத்தினால் அவளுக்குத் திரும்பிப் போவதற்குப் பழைய தட்டு மட்டும்தான் இருந்தது.

2020இல் ஊரடங்கு. பூங்கா மூடியாயிற்று, தெருவும் கிடையாது. அவரவர் மொட்டை மாடியில் பாஜியும் நானும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தோம். எடை 74இல் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அசையவில்லை. உடம்பு இலேசாக ஆக ஆக அதற்குத் தேவைப்படும் சாப்பாடும் குறையும், அதனால் அதே பழக்கம் ஒரு கட்டத்தில் எடையைக் குறைப்பதை விட்டுவிட்டு எடையைக் காக்கத் தொடங்கும் என்று டாக்டரம்மா போனில் விளக்கினார். நாற்பதுக்கு மேல் தசை கரைந்துகொண்டே வரும். அதை வளர்க்கத் தொடங்கச் சொன்னார். ஜிம் எதற்கு, நாற்காலி போதும் என்றார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, செடிகளுக்குத் தண்ணீர் வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது. வாரத்தில் இரண்டு நாள். பாஜியின் முட்டிக்கு நான் எதிர்பார்க்காத நன்மை இதில்தான் கிடைத்தது. தொடைத் தசை பலப்பட்டதும் முட்டி வலி குறைந்தது, தரையில் உட்கார்ந்து தொழும் அளவுக்கு வந்தார். என் எடையும் மறுபடி இறங்கியது, மிக மெதுவாக.

இப்போது எனக்கு 68 கிலோ. சில மாதம் 67, சில மாதம் 69. நான்கு வருடமாக இதே இடம். இடுப்பு 84. எச்பிஏ1சி 5.6. அட்டவணைப்படி நான் இன்னும் பருமன்தான், பி.எம்.ஐ. 28 பக்கம். கல்யாண வீடுகளில் “இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே” என்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் பையோடு ஏறி மூச்சு வாங்காமல் பிளாட்பாரத்துக்குப் போகிறேன். என் அம்மாவுக்கு இந்த வயதில் காலில் புண் ஆறாமல் இருந்தது. எனக்கு அந்த ஒப்பீடு போதும்.

2025இல் எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போடும் மருந்துகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, நடக்க வருகிற பெண்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மருத்துவர் பார்த்து எழுதினால் போட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பருமன் ஒரு நோய், சிலருக்கு மருந்து தேவைப்படும். ஆனால் மாதாமாதம் செலவு உண்டு. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். தசையைக் காக்கும் வேலையை ஊசி செய்யாது. நடையும் தட்டும் எப்படியும் வேண்டும்.

காலை நடை இப்போது கோல்ஸ் பூங்காவில். சில ஞாயிறுகளில் ரிச்சர்ட்ஸ் பூங்கா வரை போய் அந்தப் பழைய மரங்களுக்குக் கீழே சுற்றி வருகிறோம். பர்தா போட்டவர்கள், புடவை கட்டி கேன்வாஸ் ஷூ போட்டவர்கள், சர்ச்சிலிருந்து நேராக வருகிற வயதான ஆன்ட்டிகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் நகரப் பூங்காக்களைக் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் திறப்பார்கள். 2024இல் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்க உத்தரவு வந்தது. வீட்டு வேலையை முடித்துவிட்டு எட்டரைக்குத்தான் வெளியே வர முடிகிற பெண்களுக்கு அந்த உத்தரவு எந்த மருந்தையும்விடப் பெரியது. அதே அக்கறை நடைபாதைக்கும் வர வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் உயிர் காப்பதற்கென்று அகலமாகப் போட்ட தெருக்கள் இவை. இன்று நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், கட்டட மணல், பைக். பாஜி மாதிரி முட்டி வலிக்காரர் ஏறி இறங்கி நடக்க முடியாத உயரம். நாங்கள் வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மறுபடியும் கொடுப்போம்.

நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றும், வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. வாசற்படியில் நிற்பவர்களில் பலருக்குத் தாம் அங்கே நிற்பதே தெரியாது. இதைப் படிக்கிறவர் வீட்டில் தையல் டேப் இருந்தால் இன்றைக்கே இடுப்பை அளந்து பாருங்கள். உங்களுடையதை மட்டும் இல்லை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுகிற உங்கள் அம்மா, அக்கா, மனைவியுடையதையும். பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பிரேசர் டவுன் பக்கம் இருப்பவர்கள் காலை ஆறு மணிக்குக் கோல்ஸ் பூங்காவுக்கு வாருங்கள், எங்களோடு நடக்கலாம். மெதுவாகத்தான் நடக்கிறோம்.